வேலூரா, சென்னையா, பெங்களூரா? டெவலப்பர் சம்பளத்தில் மாதக் கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு

"அண்ணா, பெங்களூர்ல 13 சொல்றாங்க. சென்னையில 10. நம்ம ஊர்லயே ஒரு கம்பெனி 6 தர்றேங்குது. எதை எடுக்கட்டும்?"

போன மாதம் ஒரு தம்பி கேட்டது. சத்துவாச்சாரிக்காரன், நாலு வருட அனுபவம், சொந்த வீடு, ஓய்வுபெற்ற அப்பா. வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், வருடச் சம்பளம் எத்தனை லட்சம் என்பது மட்டும்தான் மாறும். டீக்கடையில் உட்கார்ந்து பில்லின் பின்பக்கம் போட்டுக் காட்டும் கணக்கை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சென்னையில் மூன்று வருடம், பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது காட்பாடி காந்தி நகரில் வீட்டிலிருந்தே வேலை. ஊரில் இருப்பவனுக்கு ஊர் இனிக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981-இல் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். காலியான அந்த இடத்துக்குக் கம்பெனி இல்லாத இன்ஜினியர்கள் வந்து சேர்ந்தோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நாலு விஷயம் பார்ப்பேன்.

1. கையில் வரும் சம்பளம். ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசி அல்ல.
2. செலவு. வாடகை, சாப்பாடு மட்டுமல்ல, அட்வான்ஸ், ஊருக்கு வந்துபோகும் செலவு, ஏசி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து.
3. இந்த வேலை போனால் அடுத்த வேலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன சம்பளத்தில் கிடைக்கும்.
4. வீடு. அப்பா அம்மாவுக்கு முடியவில்லை என்றால் எத்தனை மணி நேரத்தில் போய் நிற்க முடியும்.

எல்லோரும் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மூன்றாவதுதான் பெரிது. ஏன் என்பது உள்ளூர் வேலையைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

## 13 லட்சம் கைக்கு வரும்போது

சிடிசி என்பது நம் பேரில் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அதற்குள் கம்பெனி கட்டும் பிஎஃப் இருக்கும், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) இருக்கும், சில இடங்களில் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் இருக்கும். கிராஜுவிட்டி பேசிக் சம்பளத்தில் 4.81 சதவீதம். ஐந்து வருடம் தாண்டி வேலை பார்த்தால்தான் கைக்கு வரும் என்றே ரொம்ப காலமாக இருந்த காசு அது. இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர்கள் அதைச் சம்பளமாக எண்ணுவது வீண்.

பிஎஃப் மாதம் 1,800 ரூபாய், பேசிக் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 6 லட்சம் மாதம் சுமார் 45,000 ஆக வரும். 10 லட்சம் 77,500. 13 லட்சம் 1,02,000. இந்த மூன்றுக்கும் வருமான வரி பிடித்தம் இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில், நிலைக்கழிவான 75,000-ஐயும் சேர்த்தால், 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி பூஜ்யம். சிடிசி 13 ஆக இருந்தாலும் வரிக்கு உட்படும் சம்பளம் அந்தக் கோட்டுக்குள்தான் நிற்கும். வாடகை ரசீது வாங்கி வரி மிச்சம் பிடிப்பதெல்லாம் பழைய வரிமுறைக்குத்தான் உதவும். புதியதில் வாடகைக் கழிவே கிடையாது.

அந்தப் பெங்களூர் ஆஃபரைத் தம்பி அனுப்பியபோது கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். 10 சதவீதம் வேரியபிள் பே. அதாவது 1.3 லட்சம், வருடக் கடைசியில், "கம்பெனி செயல்பாட்டைப் பொறுத்து". மாதாமாதம் வருவது 91,000 சுற்றித்தான். வேரியபிள் முழுசாக வந்தால் நல்லது. நான் அதைப் போனஸாக மட்டுமே பார்ப்பேன், வாடகை கட்ட அதை நம்ப மாட்டேன்.

## வேலூர் நிஜமாகவே மலிவா?

பாதி உண்மை. இது சிறிய ஊர்தான், ஆனால் வாடகையைத் தீர்மானிப்பது ஊர்க்காரர்கள் மட்டுமில்லை. சி.எம்.சி.க்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்காளியில் போர்டு வைத்த லாட்ஜும் ஓட்டலும் அதனால்தான். காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. மாணவர்கள். நாலு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசுவார்கள். ஒரே சம்பளக் குடும்பத்தால் அந்தப் போட்டியில் நிற்க முடியாது. தோட்டப்பாளையத்திலும் கல்லூரி வாசலிலும் வீடு தேடிவிட்டு "வேலூரும் பெங்களூர் மாதிரிதான்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாகாயம், தொரப்பாடி, அலமேலுமங்காபுரம், ரங்காபுரம் என்று கொஞ்சம் தள்ளிப் போனால் கதை வேறு.

அப்புறம் வெயில். அக்னி நட்சத்திரத்தில் "வேலூரில் 106 டிகிரி" என்று செய்தி வரும். பகல் முழுக்க அலுவலக ஏசியில் இருப்பவருக்கு அது செய்தி, வீட்டில் உட்கார்ந்து கோடு எழுதுபவருக்கு மின்கட்டணம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட் தாண்டினால் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை கூடிய கணக்கு வந்துவிடும். பகல் முழுக்க ஒரு ஏசி ஓடும் வீட்டில் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்லும் விலை என்றால் இன்னும் மோசம்.

## நாலு வழி, ஒரே ஆள்

கல்யாணமாகாதவர், வேலூரில் சொந்த வீடு, பெற்றோர் உடன் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தம்பி கேட்ட மூன்றோடு நாலாவதாக, வேலூரிலிருந்தே வெளியூர்க் கம்பெனிக்கு வேலை, 11 லட்சம் என்று நானே சேர்த்திருக்கிறேன். பெங்களூரில் வேரியபிளும் முழுசாக வருவதாக வைத்தே போட்டிருக்கிறேன். செலவுத் தொகைகள் நான் கணக்குக்காகப் போட்டவை. உங்களுடையதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

| மாதக் கணக்கு (ரூ.) | வேலூர் உள்ளூர் கம்பெனி, 6 லட்சம் | சென்னை, 10 லட்சம் | பெங்களூரு, 13 லட்சம் | வேலூரிலிருந்து வெளியூர் வேலை, 11 லட்சம் |
|---|---|---|---|---|
| கையில் வருவது | 45,000 | 77,500 | 1,02,000 | 85,500 |
| வாடகை (பகிர்ந்த வீடு) | 0 | 13,000 | 18,000 | 0 |
| சாப்பாடு | வீட்டுப் பங்கில் | 9,000 | 11,000 | வீட்டுப் பங்கில் |
| வீட்டுக்குக் கொடுப்பது | 12,000 | 8,000 | 8,000 | 12,000 |
| தினசரிப் போக்குவரத்து | 2,500 | 4,000 | 5,000 | 1,500 |
| ஊருக்கு அல்லது ஆபீசுக்கு வந்துபோக | 0 | 2,000 | 4,000 | 2,500 |
| மின்சாரம், இணையம் | 1,500 | 1,500 | 1,500 | 4,000 |
| மற்றவை | 6,000 | 9,000 | 11,000 | 6,000 |
| மிச்சம் | 23,000 | 31,000 | 43,500 | 59,500 |

"சென்னையில் 10 வாங்கினாலும் செலவு போக வேலூர் 6-க்குச் சமம்" என்று சொல்பவர்கள் இந்த அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சமமில்லை. தனி ஆளுக்குச் சென்னை முன்னால், பெங்களூர் இன்னும் முன்னால். ஆனால் பெங்களூரின் வேரியபிளை எடுத்துவிட்டால் அந்த 43,500 சுமார் 33,000 ஆகிறது, சென்னைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 13-க்கும் 10-க்கும் நடுவே இருந்த மூன்று லட்சம் எங்கே போனது என்று தம்பி கேட்டான். பாதிக்கு மேல் வாடகையிலும் வேரியபிளிலும் போனது.

## குடும்பம் வந்தால்

இதே சம்பளத்தில் மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை, ஒரே வருமானம், வாடகை வீடு என்று போட்டுப் பார்த்தேன். பெங்களூரில் மெயின்டனன்ஸோடு வாடகை 35,000, வீட்டுச் செலவு 28,000, பள்ளியும் வேனும் 14,000, போக்குவரத்து 7,000, ஊருக்கு வர 5,000, மற்றவை 10,000. கூட்டினால் 99,000. மிச்சம் மூவாயிரம். சென்னையில் 78,000 செலவு, ஐந்நூறு ரூபாய் துண்டு விழுகிறது. உள்ளூர் 45,000 சம்பளத்தில் 12,000 வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்தினால் நாலாயிரத்துக்கு மேல் துண்டு. நாலாவது வழியில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் கையில் நிற்கிறது.

ஆக, தனி ஆளாக இருக்கும்போது பெரிய நகரம் லாபம், குடும்பமானதும் லாபம் கரைகிறது. இருபத்தாறு வயதில் போட்ட கணக்கை முப்பத்திரண்டில் திரும்பப் போடாமல் ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன்.

## உள்ளூர் வேலை: 6 லட்சம்

வேலூரில் டெவலப்பர் வேலையே இல்லை என்பது சரியில்லை. சின்னச் சின்ன வெப், ஆப் கம்பெனிகள் இருக்கின்றன. சி.எம்.சி., வி.ஐ.டி. அளவுள்ள நிறுவனங்களுக்குக் கணினி ஆட்கள் எப்போதும் தேவை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், காலணி ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஈஆர்பி (கணக்கு, சரக்கு எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வேலை இருக்கிறது, எண்ணிக்கைதான் குறைவு. கோயம்புத்தூரோடு ஒப்பிட்டால்கூட விரல்விட்டு எண்ணலாம்.

மறைந்திருக்கும் செலவு அங்கேதான். 6 லட்சத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு அடுத்த கம்பெனியில் உட்காரும்போது ஹெச்.ஆர். முதலில் கேட்பது "இப்போ என்ன வாங்குறீங்க?" அதற்கு மேல் முப்பது சதவீதம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். 6-க்கு முப்பது சதவீதம் கூட்டினால் 7.8, 13-க்குக் கூட்டினால் 16.9. திறமை ஒன்றாகவே இருந்தாலும் புறப்பட்ட இடம் வேறு. இன்று மாதம் இருபதாயிரம் குறைந்தால் பரவாயில்லை, ஊரில் நிம்மதி என்று எடுப்பவர் அடுத்த பத்து வருடத்துக்குமான சம்பளப் படியையும் சேர்த்தே இறக்கிக்கொள்கிறார். இன்னொன்று: இப்படிப்பட்ட இடங்களில் நமக்கு மேலே கற்றுத்தர சீனியர் இருப்பது அபூர்வம். நீங்களே டெவலப்பர், நீங்களே டெஸ்டர், சர்வர் விழுந்தால் ராத்திரி எழுவதும் நீங்களே.

யாருக்கு நல்லது? அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாதவருக்கு. வாழ்க்கைத்துணை இங்கே நிலையான வேலையில் இருப்பவருக்கு. நிலம், கடை என்று இன்னொரு வருமானம் உள்ளவருக்கு. படித்து முடித்த கையோடு இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு. பெரிய சேவைக் கம்பெனிகளின் நுழைவுச் சம்பளமே பல வருடமாக மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் கிடக்கிறது. அந்தத் தொகைக்குச் சென்னையில் பிஜி விடுதியில் தங்கினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் போய்விட்டு வாருங்கள் என்பேன். அந்த மூன்று வருடத்தைப் படிப்புச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

## சென்னை: 10 லட்சம்

சென்னை ஆஃபர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது "ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்பதுதான். வேலூர்க்காரருக்குச் சிறுசேரியும் மணப்பாக்கமும் ஒரே ஊர் இல்லை. பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போரூர், மணப்பாக்கம் பக்கம். தரமணி என்றால் சென்ட்ரலில் இறங்கி எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, டைடல் பார்க்குக்குத் திருவான்மியூரில் இறங்கலாம். சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் சென்னைக்குள்ளேயே இன்னொரு பயணம் பாக்கி.

தினமும் போய்வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர். ரயில்வே சீசன் டிக்கெட் தரும் எல்லை 150, அதனால் சீசன் கிடைக்கும். விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது: சீட்டு விளையாட்டு, தூக்கம், சுண்டல், அலுவலக அரசியல் எல்லாம் ஓடும். கைக்காசு மிச்சம்தான். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு, ஏழு மணி நேரம் போகும். ராத்திரி கிளையன்ட் கால் இருக்கிற வேலைக்கு இது ஒத்துவராது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் என்றால் மட்டுமே யோசிக்கலாம். உண்மையில் அப்படி ஒரு ஹைபிரிட் ஆஃபர் போரூர்ப் பக்கம் கிடைத்தால் அட்டவணையில் சென்னையின் வாடகைத் தொகையை அழித்துவிடலாம், மிச்சம் பெங்களூரைத் தொட்டுவிடும். சென்னைக்கு இருக்கும் பெரிய பலமே இதுதான்.

## பெங்களூரு: 13 லட்சம்

வேலை மாற வேண்டுமென்றால் பெங்களூருக்கு ஈடு இல்லை. அங்கே அடுத்த கம்பெனி அடுத்த தெருவில்கூட இருக்கும். நான் அங்கே வேலை மாறியபோது பஸ் ரூட் கூட மாறவில்லை.

இங்கேயும் பக்கம் முக்கியம். காட்பாடியிலிருந்து வரும் ரயில் பலவும் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும். ஒயிட்ஃபீல்டு, மகாதேவபுராவில் வேலை என்றால் அங்கேயே இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பஸ்ஸில் வருபவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வசதி. வடக்கே ஹெப்பால், மான்யதா பக்கம் ஆபீஸ் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஊர் வந்த களைப்பு வந்துவிடும்.

மறைந்த செலவில் முதலாவது அட்வான்ஸ். பத்து மாத வாடகை என்ற பழைய வழக்கம் பல இடங்களில் தளர்ந்திருக்கிறது, இருந்தாலும் நாலைந்து மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு பார்க்கப் போக வேண்டும். புரோக்கர் கமிஷன் ஒரு மாதம். காலி செய்யும்போது பெயின்டிங் என்று இன்னொரு மாதம் பிடிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு வீடு மாறினால் இந்த இரண்டு மாத வாடகையை இருபத்துநாலால் வகுத்து மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆடிக்கிருத்திகை, பொங்கல், தீபாவளிக்கு ஊருக்கு வருவது. தட்கல் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸில் பண்டிகை விலை கொடுத்து வரும் காசை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இருபத்திரண்டிலிருந்து முப்பது வரை, தனி ஆள், வேலை கற்க வேண்டும், சம்பளப் படியை ஏற்ற வேண்டும் என்றால் பெங்களூர்தான். கணவன் மனைவி இருவரும் ஐடி என்றாலும் அதுவேதான். ஒரு வாடகைக்கு இரண்டு சம்பளம்.

## வேலூரில் இருந்தபடி வெளியூர்ச் சம்பளம்: 11 லட்சம்

அட்டவணையில் ஜெயித்தது இதுதான், நான் இருப்பதும் இதில்தான். அதனாலேயே இதன் ஓட்டைகளை நானே சொல்ல வேண்டும்.

முதலில், இது விண்ணப்பித்தவுடன் கிடைக்கும் வேலை இல்லை. நாலைந்து வருடம் ஆபீசில் இருந்து, "இவரை மேற்பார்வை பார்க்க வேண்டாம்" என்று பேர் வாங்கியவருக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஊரைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கும் கம்பெனிகளும் உண்டு, ஆஃபரிலேயே கேட்டுவிடுங்கள். "எல்லோரும் ஆபீசுக்கு வாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் முப்பது நாளில் பெங்களூரில் வீடு தேட வேண்டியிருக்கும். அதற்காக ஆறு மாதச் செலவும் ஒரு அட்வான்ஸ் தொகையும் தொடாமல் வங்கியில் வைத்திருக்கிறேன். அந்தப் பணம் இல்லாதவர் இந்த வழியில் இறங்கக் கூடாது.

ஊழியராக இல்லாமல் கான்ட்ராக்டில் எடுக்கிறார்கள் என்றால் கணக்கே வேறு. பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, இன்ஷூரன்ஸ் நம் தலையில். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, ஆடிட்டர் செலவு. 11 லட்சச் சம்பளத்துக்கு ஈடாக 14 லட்சமாவது கான்ட்ராக்டில் கேட்பேன்.

அப்புறம் ஷட் டவுன். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் நிற்கும் அந்த ஒரு நாள். எந்த ஏரியாவுக்கு எப்போது என்று முதல் நாளே பேப்பரில் போடுவார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் அதைப் பார்க்காமல் ரிலீஸ் தேதி கொடுத்துவிட்டு, லேப்டாப் 8 சதவீதத்தில் நிற்க, சித்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். தவறு என்னுடையதுதான். மறுவாரமே இன்வெர்ட்டர், நல்ல பேட்டரி, வேறு கம்பெனியின் இரண்டாவது இணைய இணைப்பு என்று வாங்கினேன். அட்டவணையில் மின்சாரம், இணையத்துக்கு 4,000 போட்டது அதனால்தான்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. கல்யாணச் சந்தையில் "பெங்களூர்ல இருக்கார்" என்பதற்கு இருக்கும் மதிப்பு, அதைவிட அதிகம் சம்பாதித்தாலும் "வீட்லயே இருக்கார்" என்பதற்குக் கிடையாது. என் மாமனாருக்கு நான் வேலையில் இருக்கிறேன் என்று புரிய ஒரு வருடம் ஆனது.

பதிலுக்குக் கிடைப்பது நாலாவது அளவுகோல். அம்மாவை சி.எம்.சி.க்குக் காலை ஆறரைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு, பத்து மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு வரிசையில் நின்றபடியே சேர்ந்துகொள்ளலாம். பெங்களூரில் இருந்தவரை இதற்கே இரண்டு நாள் லீவு.

## தம்பி என்ன செய்தான்

13 லட்ச ஆஃபரை எடுக்கச் சொன்னேன், இரண்டு நிபந்தனையோடு. வேரியபிளைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேள், முடியாது என்றால் பாதியாவது சேர்க்கச் சொல். ஆபீஸ் ஒயிட்ஃபீல்டா, ஹெப்பாலா என்று எழுத்தில் வாங்கு. முதலாவதில் பாதி நடந்தது. ஆபீஸ் மகாதேவபுரா என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பழைய கம்பெனியில் நோட்டீஸ் 90 நாள், இன்னும் 61 பாக்கி. அவன் அம்மாதான் என்னோடு பேசுவதில்லை.